வலியோடு செய்த வேலைக்கு மார்க் இல்லை

"வலி எவ்வளவும்மா இருக்கும்? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க."

எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற பெண்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்போம். நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மார்க் போடுவது என் தினப்படி வேலை. ஒரு பையன் எழுபது வாங்கியிருக்கிறான் என்றால் எந்தக் கேள்வியை விட்டான், எதில் ஸ்டெப் சரியாகப் போட்டும் விடை தப்பியது என்று விடைத்தாளைப் புரட்டினால் தெரிந்துவிடும். கேள்வித்தாளே இல்லாமல் மொத்த மார்க்கை மட்டும் கேட்டால் எதை வைத்துச் சொல்வது? நான் ஒவ்வொரு முறையும் "ஏழு" என்றேன். ஒன்பது என்றால் பெரிதுபடுத்துகிறாள் என்று நினைப்பார்களோ என்று பயம். ஐந்து என்றால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அந்த ஏழு ஓபி சீட்டில் ஏறும். என் வலியை அளந்து முடித்தாகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பப்பையின் உள்பக்கம் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலத்தைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில் வளரலாம், குடல் மேல் வளரலாம், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் வளரலாம். வளர்ந்த இடத்தில் அழற்சி உண்டாகும், தழும்பு விழும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தப் பரிசோதனை வைத்து இதை உறுதிசெய்ய முடியாது. சாதாரண ஸ்கேனில் பல சமயம் தெரியாது. அதனால் நோயாளி வாய்திறந்து சொல்வதுதான் முதல் சான்று. அதை எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதில்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன. 10 நாடுகளில் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 6.7 வருடம் தாமதமானதாகக் கணக்கு வந்தது.

எனக்கு அதைவிடக் கூடவே ஆனது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே தொடங்கிய வலி. அம்மா மோரில் வெந்தயத்தைப் போட்டுக் கொடுத்து, "எங்களுக்கெல்லாம் இல்லாததா? கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பார். கல்யாணம் ஆனது. "ஒரு புள்ளை பெத்துட்டா சரியாயிடும்மா" என்றார் நாங்கள் பார்த்த லேடி டாக்டர். பையனும் பிறந்தான். பால் கொடுத்த மாதங்களில் தூரம் (மாதவிடாய்) இல்லை, வலியும் இல்லை. அப்புறம் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட்டில் நார்மல், ஓபி சீட்டில் ஏழு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்த டாக்டரும் ஸ்கேனைத்தான் நம்புவார்.

அந்த ஏழில் என்ன குறை என்று இப்போது என்னால் சொல்ல முடியும். வலி உச்சத்தில் இருக்கிற நாளில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காருகிற தெம்பு அன்றைக்கு இருக்காது. போவது எல்லாம் அடங்கிய பிறகுதான். அப்போது நினைவிலிருந்துதான் பதில் சொல்கிறோம். 1996-இல் டொனால்ட் ரெடல்மயர், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கொலனாஸ்கோபி (குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனை) செய்துகொண்டவர்களிடம் நிமிடத்துக்கு ஒருமுறை வலியைக் கேட்டுக் குறித்துவைத்தார்கள். எல்லாம் முடிந்ததும், மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். வந்த பதில், இருந்ததிலேயே அதிகமான வலியையும் கடைசிச் சில நிமிட வலியையும் ஒட்டித்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அந்தப் பதிலில் ஏறக்குறைய சேரவே இல்லை. எங்கள் நோயிலோ எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதுதான் பெரிய விஷயம். மாதத்தில் இரண்டு நாள் ஒன்பது, மற்ற நாள் எல்லாம் பூஜ்யம் என்கிற பெண் ஒருத்தி. இரண்டு நாள் ஒன்பது, மற்ற நாள் எல்லாம் நான்கு என்கிற பெண் இன்னொருத்தி. நினைவிலிருந்து கேட்டால் இரண்டு பேரும் ஒரே நம்பரைத்தான் சொல்வார்கள். வாழ்க்கை ஒன்றா?

தஞ்சாவூரில் பார்த்த ஒரு டாக்டர்தான் இதை மாற்றினார். வயதானவர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "டீச்சர், எனக்கு அந்த ஒரு நம்பர் போதாது. தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாலு வரி எழுதுங்க. இன்னிக்கு வலி அதிகமா இருந்தப்ப எவ்வளவு, மாத்திரை எத்தனை, ரத்தம் படுதா, பாத்ரூம் போறப்ப வலிக்குதா. அப்புறம் அன்னிக்கு என்ன வேலை கஷ்டமா இருந்துச்சுன்னு எழுதுங்க. ரெண்டு மாசம் எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார்.

பழைய பாடக்குறிப்பு நோட்டில் கோடு போட்டு எழுதினேன். அதிலிருந்து ஒரு நாள்:

"அசெம்பிளி முடியும்வரை நின்றேன். முதல் பாடவேளை எட்டாம் வகுப்பு. போர்டில் மேலே எழுதக் கையைத் தூக்கினால் அடிவயிற்றில் வலதுபக்கம் இழுத்துப் பிடிக்கிறது. கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன், பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். மதியம் சாப்பிடவில்லை. மெஃப்டால் 2. பஸ்ஸில் ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டேன். ராத்திரி தோசை வார்த்தேன். நடுவில் அடுப்பைக் குறைத்துவிட்டு இரண்டு தடவை தரையில் உட்கார்ந்தேன்."

அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் எனக்கு முழு நாள் வருகை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிற எந்தக் கணக்கிலும் அது வலி இல்லாத நாள்.

டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு விஷயத்தை மட்டும் வட்டம் போட்டார். ஒன்று, தூரம் இல்லாத நாட்களிலும் பாதிக்குமேல் வலி இருந்தது. இன்னொன்று, தூரமான நாட்களில் மலம் கழிக்கும்போது ஆசனவாயிலிருந்து உள்ளே மேல்நோக்கிக் குத்தும் வலி. பள்ளியில் இருப்பது இந்திய முறைக் கழிப்பறை. குத்தவைத்தால் எழ முடியாது என்று அந்த நாட்களில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பேன். இதற்கு முன்னால் இதைச் சொன்னபோது மூலநோயாக இருக்கும் என்று களிம்பு எழுதிக்கொடுத்திருந்தார்கள். தூரத்தோடு மட்டும் வந்து போகிற மூலம் எங்கே இருக்கிறது என்று இவர் கேட்டார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். கர்ப்பப்பைக்குப் பின்னால், மலக்குடலை ஒட்டி ஒரு முடிச்சு. ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான எஷ்ரேயின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. சென்னையில் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்கிற அறுவைசிகிச்சை, ஆனது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஸ்டேஜ் 2" என்று இருந்தது. லேசான நிலை என்று அதற்குப் பொருள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த ஸ்டேஜ் எப்படி வருகிறது என்று தேடிப் படித்தேன். அறுவைசிகிச்சையில் பார்க்கிற திட்டு, கட்டி, ஒட்டல் ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் 1 முதல் 5 வரை ஸ்டேஜ் 1, 15 வரை ஸ்டேஜ் 2, 40 வரை ஸ்டேஜ் 3, அதற்குமேல் 4. இதை உருவாக்கியதே குழந்தைப்பேறு வாய்ப்பை மனதில் வைத்துத்தான். வலிக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. குடலை ஒட்டிய ஆழமான முடிச்சும் அதில் சரியாக இடம்பெறாது. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி), ஸ்டேஜ் 4. குழந்தை இல்லை என்று பார்க்கப்போய்த்தான் அவருக்குத் தெரியவந்ததாம். பெரிய வலி எதுவும் இருந்ததில்லை என்றார். "நாலு" என்று எழுதிய அவர் காகிதத்தையும் "ரெண்டு" என்று எழுதிய என் காகிதத்தையும் வைத்து, வீட்டில் ஒருவருக்குப் பரிதாபம், ஒருவருக்கு "இதுக்கா இவ்வளவு?" என்ற பேச்சு.

அறுவைசிகிச்சைக்கு முன்னால் அங்கே ஒரு இளம் டாக்டர் ஒரு வினாத்தாளைக் காட்டி, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி என்னிடம் பதில் வாங்கினார். எண்டோமெட்ரியோசிஸ் ஹெல்த் ப்ரொஃபைல், சுருக்கமாக இ.எச்.பி-30 என்று பெயர். ஜார்ஜினா ஜோன்ஸ், ஸ்டீபன் கென்னடி, கிரிஸ்பின் ஜென்கின்சன் ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. 25 பெண்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து கேள்விகளை எடுத்திருக்கிறார்கள். கடந்த நான்கு வாரத்தில், வலியால் நிற்கச் சிரமப்பட்டீர்களா, உட்காரச் சிரமப்பட்டீர்களா, தூக்கம் போனதா, படுத்தே ஆகவேண்டியிருந்ததா என்று வலிக்கு மட்டும் 11 கேள்வி. நோய் நம் கையை மீறிப்போன உணர்வு பற்றி, மனநிலை பற்றி, சுற்றியிருப்பவர்கள் பற்றி, தன் உடம்பைத் தானே பார்க்கிற விதம் பற்றி மீதி 19. வேலை, தாம்பத்தியம், டாக்டர்கள் நடத்திய விதம் போன்றவற்றுக்குத் தனிப் பகுதிகளும் உண்டு. ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதும் என்றால் 4. ஒவ்வொரு பகுதியையும் 100-க்கு மாற்றிவிடுவார்கள். வலிப் பகுதியில் எல்லாவற்றுக்கும் "அடிக்கடி" என்று சொன்னால் பதினொரு மூன்று 33, மொத்தம் 44, ஆக 75. நூறுக்கு நெருங்க நெருங்க நிலைமை மோசம்.

"நீங்கள் புலம்புகிறீர்கள் என்று மற்றவர்கள் நினைப்பதாக உணர்ந்தீர்களா?" என்று ஒரு கேள்வி வந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்த டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். எத்தனை வருடமாக என்னைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி, எங்கேயோ யாரோ 25 பெண்கள் சொல்லி, அச்சில் ஏறி, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த வினாத்தாளை உருவாக்கியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது. வலியால் வீட்டு வேலைகளைச் செய்ய முடியாமல் போனதா? நான் "ஒருபோதும் இல்லை" என்றேன். உண்மையும் அதுதான். செய்யாமல் இருந்ததே இல்லை. காலை நான்கரைக்கு எழுந்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துவைத்து, வாசல் தெளித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வலி இருந்தாலும் ஓடுவேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்தது பூஜ்யம், அதாவது பாதிப்பே இல்லை. கணவர் சமைத்துப்போடுகிற வீட்டில் ஒரு பெண் அதே வலியில் படுத்துக்கொள்ள முடிந்தால் அவளுக்கு 4. என்னைவிட அவள் நோயாளி என்று தாள் சொல்லும். படுக்க முடியாதவளின் வலி எங்கே பதிவாகும்?

நான் சொல்ல வருவது இதைத்தான். செய்ய முடியாமல் போனதை மட்டும் கேட்டால், செய்தே தீரவேண்டிய பெண்களின் வலி பூஜ்யமாகிவிடும். நம் ஊரில் அப்படிப்பட்ட பெண்கள்தான் அதிகம். நாற்று நடுகிறவர், பனியன் கம்பெனியில் நின்றபடி செக்கிங் பார்க்கிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். ஒரு நாள் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. இவர்களிடம் "வேலைக்குப் போக முடியாமல் இருந்ததா?" என்றால் "போனேன்மா" என்பார்கள். அந்த 2011 ஆய்விலும், பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 10.8 மணி நேர வேலையை இழந்தார் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பகுதி லீவு போட்டதால் போனது இல்லை, வேலையில் இருந்துகொண்டே வேலை ஓடாமல் போனது. போர்டின் கீழ்ப்பாதியில் எழுதினேனே, அதுதான்.

இதைச் சரியாகக் கேட்ட ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கான எலகோலிக்ஸ் என்ற மருந்தின் இரண்டு பெரிய பரிசோதனைகள் 2017-இல் வெளியாயின. அதில் சேர்ந்த பெண்கள் தினமும் ஒரு மின்னணு டயரியில் 0 முதல் 3 வரை குறித்தார்கள். வழக்கமாகச் செய்கிறதை எளிதாகச் செய்ய முடிந்தது என்றால் 1, கொஞ்சம் சிரமப்பட்டேன் என்றால் 2, மிகவும் சிரமப்பட்டேன் என்றால் 3. செய்தாயா, விட்டாயா என்று இல்லை, எவ்வளவு சிரமப்பட்டுச் செய்தாய் என்று கேட்கிறார்கள். இன்னொன்றும் வைத்தார்கள். வலி குறைந்தால் மட்டும் போதாது, வலி மாத்திரை கூடாமலும் இருந்தால்தான் மருந்து வேலை செய்ததாகக் கணக்கு. மாத்திரை இல்லாத நான்கும் இரண்டு மெஃப்டால் போட்ட பிறகு வருகிற நான்கும் வேறு வேறு. அதை எந்த ஓபியிலும் என்னிடம் பிரித்துக் கேட்டதில்லை. நம் கைப்பைகளில் ரூபாய் நோட்டோடு சேர்ந்து கிடக்கிற மெஃப்டாலில் இருக்கிற மெஃபனமிக் ஆசிட் பற்றி, அரிதாக ஆனால் ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று மத்திய அரசின் மருந்துத் தர அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் 2023 இறுதியில் எச்சரித்தது. மாத்திரைக் கணக்கை எழுதிவைக்க அதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், நம் பெண்களிடம் இப்படிக் கேட்கவேண்டும். குத்தவைத்து உட்கார்ந்து எழ முடிந்ததா? பஸ்ஸில் நின்றுகொண்டு எவ்வளவு தூரம் வர முடிந்தது? குடத்தை எடுத்தபோது இடுப்பில் வைத்தாயா, இறக்கிவைத்து இறக்கிவைத்து வந்தாயா? பந்தியில் சம்மணம் போட முடிந்ததா? தினம் அரை மணியில் முடிகிற சமையல் இன்று எவ்வளவு நேரம் ஆனது? உன்னால் முடியாதபோது அந்த வேலையை யார் செய்தார்கள்? கடைசிக் கேள்விக்கு "யாரும் இல்லை" என்ற பதிலுக்குத்தான் அதிக மார்க் தருவேன். தாம்பத்திய வலி பற்றியும் கேட்கவேண்டும். ஆனால் மாமியாரையோ கணவரையோ வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்கவேண்டும். கூட்டத்துக்கு நடுவில் "உறவின்போது வலி உண்டா?" என்று சத்தமாகக் கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் தலையாட்டுவாள், தாளில் "இல்லை" என்று ஏறிவிடும்.

இப்போது டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் தினமும் போடுகிறேன். முதல் மாதங்களில் நினைத்த நேரத்தில் ரத்தம் பட்டது, மனசும் சரியில்லாமல் இருந்தது, அதையும் எழுதிவைத்தேன். போன முறை ஓபியில் மறுபடியும் அதே பத்துக்கு எத்தனை. "நாலு" என்றேன். ஏழிலிருந்து நான்கு, சுமாரான முன்னேற்றம் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். கூடவே நோட்டையும் நீட்டினேன். போர்டு முழுக்க எழுதுகிறேன். கைப்பையில் மெஃப்டால் அட்டை எப்போது வாங்கியது என்று எனக்கே நினைவில்லை. வாசல் தெளிப்பதை இப்போது என் கணவர் செய்கிறார், நோட்டைப் படித்த பிறகு அவராகவே எடுத்துக்கொண்ட வேலை அது.

வருகைப் பதிவேட்டைப் பார்க்கிற கண்ணும் எனக்கு மாறிவிட்டது. மாதாமாதம் தொடர்ந்து இரண்டு, மூன்று நாள் வராத பெண் பிள்ளைகளை எல்லா டீச்சருக்கும் தெரியும். எனக்கு அதிகக் கவலை வந்து உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி. எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பெண், கெட்டிக்காரி. மாதத்தில் சில நாள் கணக்கு நோட்டில் தலைப்பு மட்டும் எழுதி அடிக்கோடு போட்டு, கீழே ஒன்றும் இருக்காது. வருகை நூற்றுக்கு நூறு. வளரும் பிள்ளைகளின் தூர வலியில் பெரும்பாலானது எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் நோயின் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. ஆனால் படிப்பை நிறுத்துகிற வலியை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அந்தத் தலைப்பு மட்டும் இருக்கிற பக்கங்களை அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வயித்து வலிம்பா டீச்சர், மாத்திரை குடுத்து அனுப்பிவிட்டுருவேன். ஸ்கூலுக்குத்தான் தவறாம வர்றாளே" என்றார். கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினம் ராத்திரி அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதத் தாள் சேர்ந்துவிட்டது. அரையாண்டு முடிந்ததும் தஞ்சாவூர் டாக்டரிடம் போகிறார்கள். கணக்கு நோட்டையும் கூட எடுத்துப் போகச் சொன்னேன்.